அல்லியூர் எங்க இருக்கு

அந்தப் பேரை இங்க சொல்லாத பாப்பா. முக்குல டீக்கடையில நின்னு அல்லியூருக்கு எப்பிடிப் போகணும்னு கேட்டியாமே? அவன் நேரா என் வீட்டுக்குக் கையக் காட்டி விட்டுருக்கான். அவனுக்குச் சிரிப்பு. எனக்கு வயிறு எரியுது. அல்லியூருன்னு ஒரு ஊரே கிடையாது. இது வட்டக்கண்மாய்க் கரை. அல்லி இங்க எங்கிட்டு இருக்கு? எட்டிப் பாரு, பூராம் ஆகாயத்தாமரை, அதுக்கு அடியில சாக்கடை. அதுல போயி அல்லியக் கண்டுச்சாம், புக்கு எழுதுன அந்தம்மா.

உக்காரு. ஏன் நிக்கிற? இந்தச் சாக்கு மேலயே உக்காரு, உதறித் தைச்சதுதான், சுத்தமா இருக்கும். நான் தைச்சுக்கிட்டேதான் பேசுவேன். மார்க்கெட்டுல இருந்து வண்டி வந்துரும், வெங்காயக் கடைக்காரன் காத்திருக்க மாட்டான். பையில என்ன, பேப்பரா? கேள்வியா? வெளிய எடுக்காத. மொதல்ல நான் கேக்குறேன், நீ சொல்லு. லைப்ரரியில அந்தப் புக்கைப் படிச்சுட்டுத்தானே வந்த? கறுப்பு அட்டை, மேல தங்க எழுத்து. அதுல மொதப் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வட்டக்கண்மாய்னு எங்கனயாவது இருக்கா? பஞ்சவர்ணம்னு இருக்கா? இல்லைல்ல. அப்பறம் எப்பிடி இங்க வந்து சேந்த?

ஓ. கவுண்டருல இருக்கிற கண்ணாடிக்காரரு சொன்னாராக்கும். என்னன்னு சொன்னாரு? ஒரு கிழவி வந்து லைப்ரரியே அதிரக் கத்துச்சு, அது ஊருதான் அல்லியூருன்னு சொன்னாரா? கிழவியாம். அவரு என்ன கொமரனா? கத்துனேன். இல்லைங்கல. கத்தாம என்ன செய்யச் சொல்ற?

நீயே கேளு. கேட்டுட்டுச் சொல்லு.

போன பங்குனியில வீட்டுக்கு வீடு நோட்டீஸ் ஒட்டிட்டுப் போனாங்க. ஒட்ட வந்த ஆளு வெயில்ல வாடிப் போயி நின்னான்னு நான்தான் ஒரு செம்பு தண்ணி குடுத்தேன். குடிச்சுப்புட்டு என் கதவுலதான் மொதல்ல ஒட்டுனான். அப்பறம் வாசிச்சுச் சொல்றாங்க, கண்மாய் ஆக்கிரமிப்பு, காலி பண்ணணுமாம். யாரு ஆக்கிரமிப்பு? எனக்குக் கல்யாணம் ஆகி வந்ததே இந்தக் கரைக்குத்தான். எம் மக தனக்கொடி பொறந்தது, இந்தா உனக்குப் பின்னாடி இருக்கே சுவரு, அந்த இடத்துல. அப்ப சுவரு இல்ல, ஓலை. எங்க வீட்டுக்காரரு செத்ததும் இங்கதான். ஒருத்தி வாழ வந்து, பிள்ளை பெத்து, தாலியும் அறுத்த இடம் ஆக்கிரமிப்பா?

வக்கீலு அருள்தாஸ்னு ஒரு தம்பி. கரையில எல்லாருக்கும் சேத்து அவருதான் கேஸு நடத்துறாரு. சின்ன வயசு, ஆனா வெவரம். அவரு எங்களைப் பூராம் உக்கார வச்சுச் சொன்னாரு. ஆத்துல பெரிய வெள்ளம் வந்துச்சுல்ல, அந்த வெள்ளத்துக்கு முந்தியே இங்க குடியிருந்தவங்கன்னு ருசுப் பண்ணிட்டா, பக்கத்துலயே மாத்து இடம் குடுக்காம இடிக்கக் கூடாதுன்னு கேக்கலாமாம். வெள்ளத்துக்குப் பின்னாடி வந்தவங்கன்னா ஒண்ணும் பேச முடியாதாம், எங்கிட்டாவது மலை அடிவாரத்துல கொண்டு போயித் தள்ளிருவாங்களாம். அங்க இருந்து நான் எப்பிடி மார்க்கெட்டுக்குச் சாக்கு தைச்சுக் குடுக்க? பஸ்ஸுக்கே கூலி போயிரும். இங்கன்னா தலையில வச்சு நடந்து போயிருவேன்.

நாங்க வெள்ளத்துக்கு முந்தி வந்தவங்கதான். அது இந்தக் கண்மாய்த் தண்ணிக்கே தெரியும். ஆனா ருசு எங்க? ரேசன் கார்டு இருந்துச்சு, நடுவுல ஒருதரம் தீப்பிடிச்சப்பப் பூராம் கருகிப் போச்சு. புதுக் கார்டு எல்லாம் பின்னாடி தேதி. அப்பத்தான் வக்கீல் தம்பி கேட்டாரு, அந்தக் காலத்துல யாராவது உங்களைப் பத்தி எழுதிருக்காங்களா, போட்டோ கீட்டோ எடுத்துருக்காங்களான்னு. நான் சொன்னேன், கேள்வி டீச்சரு எழுதுச்சே.

கேள்வி டீச்சருன்னா அதான், கோமதிநாயகி. நீ படிச்ச புக்கை எழுதுனவ. திருநெல்வேலிப் பக்கம். அப்ப டீச்சரே கிடையாது, யுனிவர்சிட்டியில சமூகவியல் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்துச்சு. உன்னைய மாதிரியேதான் வந்துச்சு, ஜோல்னாப் பை, குடை, செருப்பு பூராம் சேறு. வெள்ளம் வடிஞ்ச மறுவருசம். எந்நேரமும் கேள்வி கேட்டதால நாங்களா வச்ச பேரு. என்ன கேள்வியெல்லாம் கேக்கும்கிற? வீட்டுல யாரு மொதல்ல சாப்பிடுவா, புருசன் அடிச்சா யாரு வந்து விலக்குவா, சண்டை போட்டா எத்தனை நாள்ல பேசுவீங்க. நம்ம குழாயடிச் சண்டையப் படிச்சுப் பட்டம் குடுப்பாங்களாம். எனக்கு விளங்கவே இல்லை. ஆனா பாசமான பிள்ளை, அதைச் சொல்லணும். அது வீட்டுல மீன் வாடையே ஆகாதாம், இங்க வந்து என் கையால கருவாட்டுக் குழம்பு ஊத்திக் களி தின்னுருக்கு. தனக்கொடிக்குப் பேன் பாத்து விட்டுருக்கு. மழைன்னாலும் வந்துரும், வெயிலுன்னாலும் வந்துரும். கூடப் பொறந்தவ கணக்கா நெனைச்சேன். அதான் இப்ப இம்புட்டு எரியுது.

வக்கீல் தம்பி துள்ளிக் குதிச்சாரு. ஆராய்ச்சி புக்குன்னா யுனிவர்சிட்டியே பாத்து ஒத்துக்கிட்டது, கோர்ட்டுல காட்டலாம், லைப்ரரியில ஒண்ணு கட்டாயம் இருக்கும், எடுத்துட்டு வாங்கன்னாரு. எடுத்துட்டு வாங்கன்னு சொல்றது லேசு. நீ போறப்ப கார்டைக் காட்டுன, உள்ள விட்டான். எனக்கு என்ன கார்டு? கேட்டுலயே செக்யூரிட்டி மறிச்சு எந்த டிபார்ட்மெண்டுங்கிறான். சாக்கு தைக்கிறோம்னேன். சிரிக்கிறான். திரும்பி வந்தேன். வக்கீல் ஒரு லெட்டர் குடுத்தாரு. அதை எடுத்துட்டுப் போனா, சமூகவியல் துறைத் தலைவரு கையெழுத்து வேணுமாம். அவரைப் பாக்கப் போனா அவரு மீட்டிங்கு. வேப்ப மரத்தடியில உக்காந்துருந்தேன், மீட்டிங்கு முடிஞ்சு அவரு காருல ஏறப் போறப்ப மறிச்சு வாங்குனேன். மனுசன் நல்லவருதான், பானட்டு மேல வச்சே கையெழுத்துப் போட்டாரு.

உள்ள போனா இந்தக் கண்ணாடிக்காரரு. கம்ப்யூட்டருல கையை வச்சுக்கிட்டு, தலைப்பு என்னங்கிறாரு. வட்டக்கண்மாய்னேன். தட்டுனாரு, இல்லைன்னாரு. நல்லாத் தட்டுங்கன்னேன். தட்டுனாரு. இல்லை. எழுதுனவங்க பேருன்னாரு, கோமதின்னேன். மளமளன்னு கோமதியா வருது. தாவரம் படிச்ச கோமதி, கணக்குப் படிச்ச கோமதி. இனிஷியல் என்னன்னாரு. கேள்வின்னேன். எனக்குத் தெரிஞ்சதைத்தானே நான் சொல்ல முடியும்? முழுப் பேரு கோமதிநாயகின்னு எனக்கு அப்பறம்தான தெரியும். அவரு கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு, ஏம்மா, தலைப்பும் தெரியாம ஆசிரியரும் தெரியாம ஒரு ஆய்வேட்டைத் தேடுனா எப்பிடிம்மா கிடைக்கும்னாரு. நான் கேட்டேன், எங்க ஊரைப் பத்தி எழுதுன புக்கு எங்க ஊரு பேரைச் சொன்னாக் கிடைக்கலைன்னா அது என்ன லைப்ரரி? அவரு கண்ணாடியத் திரும்ப எடுத்து மாட்டிக்கிட்டாரு.

சரின்னு அந்த ரூமைக் காட்டச் சொன்னேன். கறுப்புக் கறுப்பா அடுக்கி வச்சிருக்காங்களே, அந்த ரூமு. சமூகவியலு ஜன்னலோரம், ஒரு சுவரு பூராம். எல்லாம் இங்கிலீசு. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான். ஆனா எனக்கு ஒரு யோசனை. டீச்சருகிட்ட ஒரு கேமரா இருந்துச்சு, போட்டோ எடுக்கும். அப்ப புக்குல போட்டோ இருக்கும்ல? ஒண்ணொண்ணா உருவி, போட்டோ இருக்கான்னு புரட்டிப் பாத்து, எங்க ஊரு இல்லைன்னா மூடி வச்சேன். நாலஞ்சு நாளு சாக்கு வேலையப் போட்டுட்டுப் போனேன். என்னென்ன எழுதி வச்சிருக்காங்கிற! தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைக, செங்கச் சூளை, ஆஸ்பத்திரியில நர்ஸு, ஜெயிலுல இருக்கவங்க. எல்லாரையும் போட்டோ எடுத்து ஒட்டி உள்ள பூட்டி வச்சிருக்காங்க. அவங்களுக்குத் தெரியுமா அவங்க இங்க இருக்காங்கன்னு?

அதுல கண்ணாடிக்காரரு கூட வேற சண்டை. எடுத்ததைத் திருப்பி அலமாரியில வைக்கக் கூடாதாம், மேசையிலயே போடணுமாம், அவங்கதான் அடுக்குவாங்களாம். எங்க வீட்டுல அப்பிடி எடுத்ததைப் போட்ட இடத்துல போட்டா நான் வைய மாட்டேனா? நான் பாட்டுக்கு ஒழுங்கா அடுக்கி வச்சேன். ஏற்கெனவே கன்னாபின்னான்னு இருந்துச்சு, குட்டைக்குப் பக்கத்துல நெட்டை, ஒல்லிக்குப் பக்கத்துல தடி. நான் உசரத்துக்குத் தக்கன வரிசையா வச்சேன், பாக்கவே லச்சணமா இருந்துச்சு. அதுக்குப் போயி அந்த மனுசன் தலையில கை வச்சு உக்காந்துட்டாரு. நீ தேடுறப்ப எடத்துல இல்லையா? ரெண்டு நாளு தேடுனியா? அதுக்கு அவங்களைக் கேளு. நான் நல்லா அடுக்கித்தான் வச்சுட்டு வந்தேன்.

அப்பறம் ஒரு நாளு, ஒரு புக்கைத் தொறந்தா நான் நிக்கிறேன்.

நெசமாத்தான். குழாயடி. இடுப்புல தனக்கொடி, ஒரு கை குடத்து மேல, வாயத் தொறந்து யாரையோ வஞ்சுக்கிட்டு நிக்கிறேன். எம்புட்டு முடி எனக்கு அப்ப! பின்னால எங்க வீட்டு ஓலை, அதுல எங்க வீட்டுக்காரரு சட்டை காயுது. அந்த மனுசன் போட்டோ ஒண்ணு கூட வீட்டுல இல்லை, சட்டையாவது இருக்கேன்னு விரலால தடவிக்கிட்டே இருந்தேன். பக்கத்துல ஒரு பிள்ளை படிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதைக் கூப்பிட்டு, கீழ என்னம்மா எழுதிருக்குன்னு கேட்டேன். தண்ணீர்க் குழாயடியில் ஓர் அல்லியூர்ப் பெண்ணுன்னுச்சு.

அல்லியூரு எதும்மான்னேன். புக்கு பூராம் அல்லியூருதான் ஆன்ட்டி, இது அல்லியூரைப் பத்தினதுங்குது. எம் பேரு? பேரு இல்லையாம். வேற எங்கனயோ லட்சுமின்னு ஒருத்தி வர்றாளாம், குழாயடியில சண்டை போடுறவ, அது நானா இருக்கும்னு அந்தப் பிள்ளை சொல்லுச்சு. யோசிச்சுப் பாரு. மூஞ்சியப் போட்டுட்டா, இடுப்பைப் போட்டுட்டா, வாயத் தொறந்து கத்துறதைப் போட்டுட்டா, பேரை மட்டும் எடுத்துட்டா. அப்பத்தான் கத்துனேன். அல்லியூரு இல்லைடா இது, வட்டக்கண்மாய், நான் பஞ்சவர்ணம்னு கத்துனேன். படிச்சுக்கிட்டு இருந்தவங்க பூராம் எந்திரிச்சு வந்துட்டாங்க. கண்ணாடிக்காரரு ஓடி வந்து அமைதி அமைதிங்கிறாரு. சுவத்துல எழுதிப் போட்டுருக்காம், அமைதி காக்கவும்னு.

புக்கை வெளிய தர மாட்டாங்களாம். கொஞ்சம் பக்கம் மட்டும் ஜெராக்ஸு எடுத்துக் குடுத்தாங்க. வக்கீல் தம்பி வாசிச்சுப் பாத்துட்டு உதட்டைப் பிதுக்கிட்டாரு. அக்கா, இதுல ஊரு பேரு வேற, இது வட்டக்கண்மாய்தான்னு எழுதுனவங்களே வந்து சொன்னாத்தான் கோர்ட்டு எடுக்கும்னாரு. அப்பறம் அங்க இங்க விசாரிச்சு, டீச்சரு ஏதோ காலேஜுல பேராசிரியரா இருந்து ரிட்டயராகி பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஃப்ளாட்டுல இருக்குன்னு கண்டுபிடிச்சோம். இம்புட்டுக் கிட்டத்துல இருந்துருக்கு பாரு. ஒரே பஸ்ஸு.

கதவைத் தொறந்ததும் பஞ்சவர்ணம்னுச்சு. ஒரு நொடி யோசிக்கல. தலை பூராம் வெள்ளை, மூட்டு வலி போல, சுவத்தைப் பிடிச்சு நடக்குது. என் கையைப் பிடிச்சுக்கிச்சு. நான் உருவிக்கிட்டேன். பேரு தெரியுதுல்ல, அப்பறம் ஏன் புக்குல எழுதலைன்னு வாசல்லயே கேட்டேன். வக்கீல் தம்பி, அக்கா உக்காந்து பேசுவோம்னாரு. நான் உக்காரவே இல்லை.

டீச்சரு சொல்லுது, அது அவங்க படிப்புல ஒரு முறையாம். யாரைப் பத்தி எழுதுறாங்களோ அவங்களுக்கு அதனால ஒரு கெடுதல் வந்துரக் கூடாதுன்னு ஊரு பேரு, ஆளு பேரு எல்லாத்தையும் மாத்திருவாங்களாம். நீயும் அப்பிடித்தான் செய்வியா? பாத்தியா, தலையாட்டுற. நீங்கதானே கேட்டீங்க, கொக்கி போட்டுக் கரண்டு இழுத்துருக்கோம், எங்க பேரு வெளிய வரக் கூடாதுன்னு என்கிட்டச் சத்தியம் வாங்குனீங்களேன்னுச்சு. கேட்டோம். கரண்டுக்குக் கேட்டோம். ஊருக்கா கேட்டோம்? கரண்டு எழுதுற பக்கத்துல மட்டும் அல்லியூருன்னு போட்டுட்டு மத்த எடத்துல வட்டக்கண்மாய்னு போட வேண்டியதுதானே? படிச்சவளுக்கு இது கூடத் தெரியாதா?

சரி, அது போகட்டும். அல்லியூருங்கிறது வட்டக்கண்மாய்தான்னு எழுதிக் குடுங்கன்னு வக்கீல் தம்பி கேட்டாரு. உடனே குடுக்குறேன்னுச்சு. எனக்கு வயித்துல பால் வாத்த மாதிரி இருந்துச்சு. ஆனா பேனாவ எடுக்காம உள்ள போயி அதோட புக்கைக் கொண்டாந்துச்சு. ஒரு பக்கத்தை விரிச்சு வக்கீலுகிட்டக் குடுத்து, இதை மொதல்ல வாசிங்கன்னுச்சு. அவரு வாசிச்சாரு. மூஞ்சி செத்துப் போச்சு. என்ன தம்பின்னேன். கரையில இருக்கிற எல்லாக் குடும்பமும் வெள்ளத்துக்குப் பின்னாடி வந்து குடியேறினதுன்னு போட்டுருக்குக்கான்னாரு.

எனக்கு எப்பிடி இருந்துருக்கும்? எதுக்காக அந்தப் புக்கைத் தேடி அலைஞ்சமோ, அதையே நேர் மாத்தி எழுதி வச்சிருக்கா. யாரு சொன்னா உங்களுக்குன்னு கேட்டேன். நீங்க எல்லாரும்தான், வீட்டுக்கு வீடு கேட்டேன், ஒருத்தர் விடாம அதைத்தான் சொன்னீங்கன்னுச்சு.

ஆமா, சொன்னோம். அது பொய்யா? அப்பிடிப் பாக்காத. அப்ப ஒரு பேச்சு ஓடுச்சு, வெள்ளத்துல வீடு போயி இங்க வந்தவங்களுக்கு மட்டும் கவர்மெண்டு வீடு குடுக்கும், பழைய ஆளுகளுக்குக் கிடையாதுன்னு. கையில பேப்பரை வச்சுக்கிட்டு ஒரு பொம்பளை வந்து குடும்பத்துல எத்தனை பேரு, எப்ப வந்தீங்கன்னு கேட்டா என்ன நெனைப்போம்? வீடு குடுக்க எழுத வந்துருக்கான்னுதான் நெனைப்போம். நான்தான் வீடு வீடாப் போயிச் சொல்லிக் குடுத்தேன். எல்லாரும் ஆத்தங்கரையில இருந்தோம், வெள்ளத்துல போயிருச்சு, அப்பறம் இங்க வந்தோம்னு சொல்லுங்க, ஒரே மாதிரி சொல்லுங்க, பிசகிராதீங்கன்னு. அம்புட்டுப் பேரும் அச்சு மாறாமச் சொன்னாங்க. எனக்கு அதுல அப்ப ஒரு பெருமை. பின்ன, கவர்மெண்டுகிட்டச் சொல்றதை எல்லாம் பொய்யிலயா சேப்பாங்க? பிழைக்கிறதுக்குச் சொல்றது. வீடு வந்துச்சா? ஒரு செங்கலு வரலை. பட்டம் வாங்கிட்டு டீச்சரு இனிப்பு டப்பாவோட ஒரு தடவை வந்துச்சு. வீடு எங்க டீச்சருன்னு கேட்டேன். அது என் கையில இல்லையேன்னுச்சு. வீடு இல்லாம எதுக்கு இனிப்புன்னு டப்பாவைத் திருப்பிக் குடுத்து அனுப்பிட்டேன். அதோட வர்றதை நிப்பாட்டிருச்சு. அதுக்குப் போயி ஒருத்தி ஆயுசு பூராம் கோவிச்சுக்கிட்டு இருப்பாளா?

நாங்க சொன்னா நீ எழுதிருவியான்னு கேட்டேன். ஆமா, அன்னைக்கு ஒருமையிலதான் பேசிட்டேன். ஒரு வருசம் என் வீட்டுல இருந்தியே, ஓலையில ஏறியிருந்த புகைக் கரியப் பாக்கலையா, வாசல்ல முருங்கை மரம் எம்புட்டு ஒசரம் நின்னுச்சுன்னு பாக்கலையா, ஒரு வருசத்துல அம்புட்டு மரம் வளருமா? பட்டம் எதுக்கு வாங்குன? சொன்னதைச் சொன்னபடி எழுத ஒரு டாக்டர் பட்டமா?

டீச்சரு வக்கீலு கையில இருந்த புக்கை வாங்கி மூடி வச்சுச்சு. அப்பறம் மெதுவாச் சொல்லுச்சு.

"எனக்கு அப்பவே தெரியும், பஞ்சவர்ணம்."

"என்ன தெரியும்?"

"நீங்க வெள்ளத்துக்கு முந்தியே இருந்தவங்கன்னு. தனக்கொடி சொல்லிட்டா. பேன் பாக்குறப்ப. வெள்ளம் வந்தப்ப இங்கதான் இருந்தோம் டீச்சர், கோயில் மண்டபத்துல போயிப் படுத்திருந்தோம்னு."

"தெரிஞ்சா எழுத வேண்டியதுதானே?"

"எழுதியிருந்தா உங்களுக்கு வீடு கிடைக்காம போயிரும்னு பயந்தேன். என் கணக்கெடுப்பை வீடு குடுக்குற ஆபீசுல கேட்டுருந்தாங்க. நீ ஊரையே கூட்டிச் சொல்லிக் குடுத்த பொய்யை நான் ஒருத்தி எப்பிடி உடைக்கிறது?"

என் மக அஞ்சு வயசுல நான் சொல்லிக் குடுத்ததை மீறி வாயக் குடுத்துருக்கா. வீட்டுக்கு வந்து அவளை வஞ்சேன். இப்ப அவளுக்கு ரெண்டு பிள்ளை. அம்மா நான் உண்மையைத்தானே சொன்னேன், அதை எழுதியிருந்தா இன்னைக்குக் கேஸுக்கு ருசு இருந்துருக்கும்லங்கிறா. அவளுக்கு என்ன தெரியும்? ஆனா இந்த டீச்சர் இருக்கே, உண்மை தெரிஞ்சும் பொய்யை எழுதியிருக்கு. எங்களுக்காகவாம். நாங்க கேட்டமா? பேரை மாத்துனது எங்க நல்லதுக்கு, வருசத்தை மாத்துனது எங்க நல்லதுக்கு. எல்லா நல்லதையும் செஞ்சுட்டு அது ஃப்ளாட்டுல இருக்கு, நாங்க தெருவுல நிக்கப் போறோம்.

இதை மூஞ்சிக்கு நேரா சொன்னேன். டீச்சரு அழுதுச்சு. நான் கோர்ட்டுக்கு வர்றேன், தெரிஞ்சே தப்பா எழுதினேன்னு கூண்டுல ஏறிச் சொல்றேன், என் பட்டத்தைப் பிடுங்குனாலும் சரின்னுச்சு. அப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அந்தப் பட்டத்துக்கு அது எம்புட்டு அலைஞ்சுச்சுன்னு பாத்தவ நான். சேத்துல கால் வழுக்கி விழுந்து, கை வீங்கி, அந்தக் கையோட வந்து எழுதுச்சு. போயித் தோளைத் தொடலாம்னு கூட நெனைச்சேன். தொடலை. கோவம் விடலை.

வக்கீல் தம்பி வேண்டாம்னுட்டாரு. ஒரு இடத்துல தெரிஞ்சே பொய் எழுதுனேன்னு அவங்க சொன்னா, எதிர்த்தரப்பு வக்கீலு மிச்சம் இருக்கிறது மட்டும் எப்பிடி உண்மைன்னு கேப்பான், அந்தப் போட்டோவும் நிக்காதுன்னாரு. பேரைச் சரி பண்ணிக் குடுத்தா இன்னும் மோசம், வெள்ளத்துக்கு அப்பறம் வந்தவங்கன்னு எங்க வாயாலயே சொன்ன மாதிரி ஆயிரும். அதனால அந்தப் புக்கு கோர்ட்டுக்கே போகக் கூடாதுன்னு வச்சுட்டாரு. இப்ப அல்லியூரு அல்லியூராவே இருக்கட்டும், யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க அக்கான்னாரு. நான்தான் லைப்ரரியில ஏற்கெனவே கத்திட்டு வந்துட்டனே.

இப்பப் புரியுதா டீக்கடையில நீ அந்தப் பேரைச் சொன்னதும் எனக்கு ஏன் குலை நடுங்குச்சுன்னு? நீ வந்த மாதிரி எவனாவது கவர்மெண்டு ஆளு அந்தப் புக்கை எடுத்துட்டு வந்தா? தீபாவளி கழிச்சு கேஸு. அதுக்குள்ள எங்களுக்கு ஒரு ருசு வேணும். வக்கீல் தம்பி கீழவீதிச் சர்ச்சுல கரைப் பிள்ளைகளோட பழைய ஞானஸ்நானப் பதிவு தேடுறாரு, பள்ளிக்கூடத்துல தேடுறாரு. ஒண்ணும் தட்டுப்படலை.

டீச்சரு வாரா வாரம் தனக்கொடிக்குப் போன் பண்ணுதாம், என்ன ஆச்சு என்ன ஆச்சுன்னு. எனக்குப் பண்ண மாட்டேங்குது. பண்ணாலும் எடுக்க மாட்டேன். அது அழுகையில நான் வீடு கட்டவா?

சரி, பேப்பரை எடு. பேசிப் பேசித் தொண்டை வத்திருச்சு. எழுது. ஆனா சொல்லிப்புட்டேன், பேரை மாத்துன, பிச்சுப்புடுவேன். வட்டக்கண்மாய்னு போடு. பஞ்சவர்ணம்னு போடு. போட்டோ எடுக்கிறதுன்னா எடு, கீழ பேரு இருக்கணும். நான் சொல்றதை மட்டும் எழுது, நீயா எங்க நல்லதுக்குன்னு ஒண்ணும் சேக்காத. போன தடவை மாதிரி எவளும் எங்களைப் பொய்யா எழுதி வச்சுட்டுப் போக நான் விட மாட்டேன்.

மொதக் கேள்வி என்ன? வாசி.

எத்தனை வருசமா இங்க குடியிருக்கீங்க.

ம்.

இரு பாப்பா. அவசரப்படாத. நேத்து ஒரு பேச்சு வந்துச்சு, பழைய ஆளுகளை மொதல்ல தூக்குவாங்க, புதுசா வந்தவங்களுக்குத்தான் அவகாசம் குடுப்பாங்கன்னு. வக்கீலு வேற மாதிரி சொல்றாரு. நீ படிச்ச பிள்ளை, நாலு எடம் போற. எத்தனை வருசம்னு எழுதுனா எங்க வீடு நிக்கும்? அதை மொதல்ல நீ சொல்லு. சாயந்தரத்துக்குள்ள கரை பூராம் அதையே சொல்லச் சொல்லிடுறேன்.